பம்பாயில் பிறந்த ட்ரிங்கோமாலி: ஒரு பாய்மரப் போர்க்கப்பலின் வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்மரப் போர்க்கப்பல் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் விக்டரி. இந்தப் பக்கம் வேறொரு கப்பலைப் பற்றியது. அது திருகோணமலையின் பெயரைத் தாங்கியது, மலபார்த் தேக்கில் பம்பாயில் கட்டப்பட்டது, இன்றைக்கும் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதக்கிறது. அதுதான் எச்எம்எஸ் ட்ரிங்கோமாலி. புகழ்பெற்ற கடற்போர் எதுவும் அதன் கணக்கில் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விக்டரியைவிட இதுதான் நல்ல கப்பல் என்பேன். அந்த வாழ்க்கையில் சண்டை கொஞ்சம்தான். காத்திருப்பும் வேலை மாற்றமும்தான் அதிகம்.

இது எந்த வகைக் கப்பல்?

ஃப்ரிகேட். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களைப் பீரங்கி எண்ணிக்கையை வைத்து ஆறு தரமாகப் பிரித்திருந்தது. 100 பீரங்கியோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். இரண்டு மூன்று தளங்களில் பீரங்கி வரிசை கொண்ட பெரிய கப்பல்கள்தான் வரிசையில் நின்று நேருக்கு நேர் மோதும். ஃப்ரிகேட்டில் ஒரே ஒரு முழுப் பீரங்கித் தளம்தான் உண்டு. அதற்கு வேகம்தான் பலம். எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துவருவது, வணிகக் கப்பல்களுக்குத் துணை போவது, தனியாகச் சிக்கும் எதிரிக் கப்பலைத் துரத்திப் பிடிப்பது, கடிதமும் ஆளும் கொண்டுபோவது என்று நாள்தோறும் வேலை இருந்தது அதற்குத்தான்.

ட்ரிங்கோமாலியின் பீரங்கித் தளம் ஏறக்குறைய 46 மீட்டர் நீளம். கப்பலின் அகலம் 12 மீட்டர். அந்தத் தளத்தில் 18 பவுண்டு குண்டு வீசும் 28 பீரங்கிகளை வைக்க இடம் இருந்தது. மேலே இன்னும் சில. ஏட்டில் "38 பீரங்கிக் கப்பல்" என்று எழுதியிருப்பார்கள், ஆனால் இந்த வகைக் கப்பல்கள் உண்மையில் 46 வரை ஏற்றின. அன்றைய வழக்கம் அது. ஏட்டுக் கணக்கும் தளத்துக் கணக்கும் ஒத்துப்போகாது.

இதன் வடிவம் யாருடையது?

பிரெஞ்சுக்காரர்களுடையது. லீடா வகை என்று பிரிட்டிஷார் அழைத்த இந்த ஃப்ரிகேட் வரிசைக்கு மூல வடிவம், சானே என்ற பிரெஞ்சுக் கப்பல் வடிவமைப்பாளர் வரைந்த ஹெபே. அதை 1782 செப்டம்பர் 4 அன்று பிரிட்டிஷார் பிடித்தார்கள். கொண்டுவந்து அளந்து, கோடுகளைத் தாளில் இறக்கி, அதன்படி தங்கள் கப்பல்களைக் கட்டினார்கள். பிடிபட்ட கப்பலைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் எந்தக் கடற்படையும் அப்போது கூச்சப்படவில்லை.

இதே வகையைச் சேர்ந்த ஷானன் என்ற கப்பல்தான் 1813 ஜூன் 1 அன்று பாஸ்டனுக்கு வெளியே அமெரிக்காவின் செசபீக்கைக் கால் மணி நேரத்துக்குள் மடக்கியது. ஆகவே இந்த வடிவத்துக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது.

ஏன் திருகோணமலையின் பெயர்?

1782இல் திருகோணமலைக்காக நடந்த சண்டைகளுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் கரையை ஒட்டி நடந்த இந்தக் கதை நம் பள்ளிப் பாடங்களில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது.

சோழமண்டலக் கரையில் அப்போது பெரிய கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறைமுகமே கிடையாது. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் அக்டோபரில் அங்கே நின்றால் கப்பல் கரையில் மோதிவிடும். ஆகவே கடற்படை ஒவ்வொரு ஆண்டும் பம்பாய்க்குச் சுற்றிப் போகவேண்டும். அது திரும்பி வருவதற்குள் இந்தப் பக்கம் எதுவும் நடந்துவிடலாம். வங்கக் கடல் பக்கத்தில் எந்தக் காற்றிலும் ஒரு கப்பற்படையே ஒதுங்கி நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் என்றால் அது திருகோணமலை. அதை வைத்திருப்பவன் கையில் இந்தக் கடல் இருக்கும்.

1782 ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் அதை டச்சுக்காரர்களிடமிருந்து பறித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பிடித்துக்கொண்டார். செப்டம்பர் 3 அன்று இரண்டு படைகளும் திருகோணமலைக்கு வெளியே மோதின. இந்த இருவரும் ஒன்றரை ஆண்டுக்குள் ஐந்து முறை சந்தித்தார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கைக் கரைக்கு அருகே ப்ராவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாக 1783 ஜூனில் கடலூர். கடலூர்ச் சண்டை நடந்தபோது ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டிருந்தது. செய்தி வந்து சேரத்தான் தாமதம். பிரெஞ்சுக்காரர்களின் நிலப்போர்க் கூட்டாளி மைசூரின் ஹைதர் அலி என்பதால் கரையிலும் போர், கடலிலும் போர். பீரங்கிச் சத்தம் நம் கரையோர ஊர்களுக்குப் பழகிப்போன காலம் அது.

சமாதானத்துக்குப் பிறகு திருகோணமலை மறுபடி டச்சுக்காரர்களிடம் போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் பிடித்தார்கள். அதன்பின் 1957 வரை அது பிரிட்டிஷ் கடற்படைத் தளம். அந்தப் பெயரைப் புதுக் கப்பலுக்கு வைத்ததில் வியப்பு இல்லை.

இங்கிலாந்தில் கட்டாமல் ஏன் பம்பாயில் கட்டினார்கள்?

மரம்தான் காரணம். இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் ஓக் மரத்தில் கட்டப்பட்டன. ஒரு பெரிய கப்பலுக்கே ஆயிரக்கணக்கான முதிர்ந்த ஓக் மரங்கள் வேண்டும். நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் ஓக் தட்டுப்பாடு வந்துவிட்டது. பம்பாயிலோ தேக்கு கிடைத்தது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, எளிதில் உளுக்காது. ஓக்கின் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கில் அந்தத் தொல்லை இல்லை.

மரம் மட்டும் இருந்தால் போதாது, கையும் வேண்டும். லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்சி மேஸ்திரி 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தக் கப்பல் கட்டும் தளத்தின் தலைமை மேஸ்திரிகளாக இருந்தது. ட்ரிங்கோமாலியைக் கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1842இல் சீனாவோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிஸ் என்ற கப்பல் அவர் கட்டியது. 1827இல் கிரேக்கக் கரையில் நடந்த நவரினோ போரில் பிரிட்டிஷ் தளபதி ஏறியிருந்த ஏசியா என்ற கப்பலும் பம்பாயில்தான் கட்டப்பட்டது. லண்டனில் உட்கார்ந்திருந்த கடற்படை அதிகாரிகள் முழுப் போர்க்கப்பலையே நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு வாடியாக்களின் வேலை இருந்தது. அது சாதாரண விஷயம் இல்லை.

வரைபடம் கடலில் தொலைந்துபோனது என்பது உண்மையா?

உண்மை. 1812 அக்டோபரில் கப்பலுக்கு ஆணை கொடுத்தார்கள். வரைபடங்களை ஜாவா என்ற ஃப்ரிகேட்டில் ஏற்றி பம்பாய்க்கு அனுப்பினார்கள். அதில் பம்பாயில் கட்டப்பட்டுவந்த கப்பல்களுக்கான செம்பும் இருந்தது. அப்போது அமெரிக்காவோடு போர் நடந்துகொண்டிருந்தது. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவாவை அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் மடக்கியது. ஜாவாவின் கேப்டன் ஹென்றி லாம்பர்ட் காயம்பட்டு இறந்தார். கப்பல் திரும்பப் பயன்படாத அளவுக்கு நொறுங்கியிருந்ததால் அமெரிக்கர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள்.

மறுபடி ஒரு நகல் எடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. கட்டுமானம் 1816 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதற்குள் வாட்டர்லூ போர் முடிந்து நெப்போலியன் செயின்ட் ஹெலினாத் தீவில் கைதியாக இருந்தார். எந்தப் போருக்காகக் கப்பல் கேட்டார்களோ அந்தப் போரே முடிந்துவிட்டது. ட்ரிங்கோமாலியின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது இந்தத் தாமதம்தான். நேரத்துக்குப் பிறந்திருந்தால் அது சண்டைக்குப் போயிருக்கும், இந்நேரம் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜாவாவை அழித்த கான்ஸ்டிடியூஷன் இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. 1797இல் கட்டப்பட்டது. உலகில் மிதக்கும் போர்க்கப்பல்களில் அதுதான் மூத்தது, அடுத்தது ட்ரிங்கோமாலி.

தேக்கு எங்கிருந்து வந்தது? யார் வெட்டினார்கள்?

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து, முக்கியமாக மலபாரிலிருந்து. வெட்டிய மரத்தை யானைகள் இழுத்து ஆற்றில் சேர்க்கும். மழைக்கால வெள்ளத்தில் அது மிதந்து கரைக்கு வரும். அங்கிருந்து கடல் வழியாக பம்பாய்.

இந்தப் பகுதியைப் பெருமையோடு மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. கடற்படைக்குத் தேக்கு தடையில்லாமல் கிடைக்கவேண்டும் என்பதற்காக 1806இல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளின் பாதுகாவலராக நியமித்தார்கள். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர். அந்தப் பதவியின் நோக்கம் காட்டைக் காப்பது இல்லை, மரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காப்பது. தங்கள் நிலத்தில் நின்ற தேக்கைக்கூட மக்கள் வெட்டக்கூடாது என்றார்கள். மர வியாபாரிகளுக்கும் நிலக்காரர்களுக்கும் குடியானவர்களுக்கும் கடும் வெறுப்பு மூண்டது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையே ஒழித்தார். ட்ரிங்கோமாலி கட்டப்பட்டது சரியாக அந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள்.

அதற்குள் காட்டில் நல்ல தேக்கு குறைந்துபோயிருந்தது. 1840களில் மலபார் கலெக்டர் கோனோலி நிலம்பூரில் தேக்கு நட ஆரம்பித்தார். நடும் வேலையை நடத்திக் காட்டியவர் சாத்து மேனன். உலகின் பழைய தேக்குத் தோட்டம் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கப்போகும் கோனோலி தோட்டம் அதுதான். இந்த மாதிரிக் கப்பல்களுக்காக வெட்டித் தீர்த்த இடத்தை நிரப்பவே அந்தத் தோட்டம் வந்தது.

கட்டி முடித்தது எப்போது?

1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். செலவு ஏறக்குறைய 23,000 பவுண்டு. ஏரா மரம், அதாவது கப்பலின் அடிமரம், வைத்தபோது பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணி அடித்துச் சடங்கு செய்தார்கள். கிரேக்கத் தெய்வங்களின் பெயரும் ஆங்கிலப் பிரபுக்களின் பெயரும் நிறைந்த ஒரு கடற்படையின் கப்பல், ஜொராஸ்ட்ரியச் சடங்கோடு பிறந்திருக்கிறது.

இன்று அதன் முகப்பில் இருக்கும் சிற்பம் தலைப்பாகை கட்டிய ஓர் இந்தியர்.

முதல் பயணத்தில் நெப்போலியனோடு ஏதோ சம்பந்தம் என்கிறார்களே?

மறைமுகமான சம்பந்தம். இங்கிலாந்துக்குப் போகும் வழியில் 1819 ஜனவரி 24 அன்று கப்பல் செயின்ட் ஹெலினாவில் நின்றது. நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த கடற்படை மருத்துவர் ஜான் ஸ்டோகோ அந்தக் கப்பலில் ஏறித்தான் தீவைவிட்டுப் போனார். கைதியிடம் அளவுக்கு மீறிப் பரிவு காட்டுகிறார் என்று தீவின் கவர்னர் அவர்மேல் சந்தேகப்பட்டிருந்தார். பிறகு அதே ஆண்டு கடற்படை அவரை விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளியை நோயாளியாகப் பார்த்ததற்கு அவருக்குக் கிடைத்த பலன் அது.

கப்பல் ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மவுத் சேர்ந்தது.

அப்புறம் என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. 26 ஆண்டு சும்மா நின்றது.

கேட்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் இதுதான் சாதாரணம். நெப்போலியன் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில் சுமார் 1,40,000 பேர் இருந்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டில் அது 20,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஓட்ட ஆள் இல்லாத நூற்றுக்கணக்கான கப்பல்களை என்ன செய்வது? பாய்மரங்களையும் பீரங்கிகளையும் கழற்றிக் கிடங்கில் வைப்பார்கள். மழை உள்ளே இறங்காதபடி மேல்தளத்துக்கு மேல் கொட்டகை போடுவார்கள். பார்த்துக்கொள்ள நாலைந்து பேரை விட்டுவிட்டு வரிசையாக நிறுத்திவைப்பார்கள். போர் வந்தால் மறுபடி எடுக்கலாம் என்பது கணக்கு. ஆனால் மரக் கப்பல் நின்றாலே கெடும். ஓக் கப்பல்களில் பலவும் நின்ற இடத்திலேயே உளுத்து, உடைக்கப் போயின. ட்ரிங்கோமாலி தாக்குப்பிடித்ததற்கு அந்தத் தேக்குக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

எப்போதுதான் வேலைக்குப் போனது?

1845இல் அதை வெளியே எடுத்துத் திருத்தினார்கள். பின்பக்கத்தை மாற்றிக் கட்டினார்கள். பீரங்கி எண்ணிக்கையை 26 ஆகக் குறைத்து, ஒவ்வொன்றையும் கனமான பீரங்கியாக வைத்தார்கள். ஃப்ரிகேட் என்ற பெயர் போய், அதைவிடச் சிறிய வகையான கார்வெட் என்று ஆயிற்று. 1847இல் கேப்டன் வாரன் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் வட அமெரிக்கக் கரைக்கும் புறப்பட்டது. அப்போது கப்பலுக்கு வயது 30. பல போர்க்கப்பல்கள் உடைபடும் வயதில் இது முதல்முறையாகப் பணியில் சேர்ந்தது.

அந்த மூன்று ஆண்டுகளில் செய்தது எல்லாம் காவல் வேலை. ஹைட்டியில் கலவரம் என்றால் போய் நிற்பது, கியூபாமேல் படையெடுப்பு வரும் என்ற பேச்சு எழுந்தபோது அந்தப் பக்கம் உலாவுவது, சட்டவிரோத அடிமைக் கப்பல்களைத் தேடுவது. 1849இல் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கம் போனது. 1850இல் ஊர் திரும்பியது.

கப்பலுக்குள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

நெருக்கடி. இந்த அளவுக் கப்பல் முந்நூறு பேருக்கு மேல் தாங்கும்படி கட்டப்பட்டது. மாலுமிகள் பீரங்கித் தளத்துக்குக் கீழே தொங்குதூளிகளில் தூங்கினார்கள். விதிப்படி ஓர் ஆளுக்குக் கிடைத்த அகலம் 14 அங்குலம், அதாவது ஒரு முழம்கூட இல்லை. பாதிப் பேர் இரவுக் காவலில் இருப்பதால்தான் அது ஒருவாறு சமாளிக்கக்கூடியதாக இருந்தது.

கேப்டனுக்கு மட்டும் பின்பக்கம் ஜன்னல் வைத்த பெரிய அறை. ஆனால் அங்கேயும் பீரங்கிகள் உண்டு. சண்டை என்று முரசு அடித்துவிட்டால் அறையின் மரத்தடுப்பு, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் கழற்றிக் கீழே இறக்கிவிடுவார்கள். சில நிமிடங்களில் தளம் முழுவதும் ஒரே பீரங்கிக் கூடமாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வெடிமருந்து அறை. அது கப்பலின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே. உள்ளே விளக்கு கொண்டுபோகக் கூடாது. ஆகவே பக்கத்தில் தனியாக ஒரு சிறிய விளக்கறை. நடுவில் கண்ணாடி. விளக்கு அந்தப் பக்கம் எரியும், வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கம் வரும். ஒரு பொறி விழுந்தால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று தெரிந்து நிதானமாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

சாப்பாடு: கல் மாதிரி பிஸ்கட், உப்புப் போட்ட மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பட்டாணி, ரம். தண்டனை: கசையடி. இதெல்லாம் எல்லாக் கப்பலிலும் ஒன்றுதான்.

இரண்டாவது பணிக்காலம்?

1852 முதல் 1857 வரை, பசிபிக்கில், கேப்டன் வாலஸ் ஹூஸ்டன் தலைமையில்.

ஆர்க்டிக்கில் கப்பல் வழி தேடிப் போன ஜான் ஃபிராங்க்ளினின் இரண்டு கப்பல்கள் 1845இலிருந்து காணவில்லை. அவரைத் தேடுவதற்காக அலாஸ்காவின் வடமுனையில் ப்ளோவர் என்ற கப்பல் குளிர்காலங்களைக் கழித்துக்கொண்டிருந்தது. 1854இல் ட்ரிங்கோமாலி பெரிங் நீரிணைக்கு அருகே போர்ட் கிளாரன்ஸ் வரை போய் அதற்குப் பொருள் கொடுத்தது. ரஷ்யாவோடு கிரிமியப் போர் வந்ததால் வட பசிபிக்கில் ரஷ்யக் கரைப் பக்கமும் காவல் இருந்தது. நிலம்பூர்ப் பக்கத்துக் காட்டு மரம் பனிக்கடல் வாசல் வரை போயிருக்கிறது.

கனடாவில் ஒரு நீர்வழிக்கு இதன் பெயர் இருக்கிறதாமே?

ஆம், ட்ரிங்கோமாலி நீர்வழி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காலியானோ தீவுக்கும் சால்ட்ஸ்ப்ரிங் தீவுக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே கேப்டன் பெயரில் ஹூஸ்டன் நீர்வழி. திருகோணமலையின் பெயர் இப்படிக் கப்பல் ஏறிப் பசிபிக் வரை போய்விட்டது.

ஆனால் அந்தக் கரையில் கப்பல் செய்த வேலை நல்லது இல்லை. 1856 ஆகஸ்டில், கவிச்சன் பகுதியில் தத்லாசூட் என்ற பழங்குடி மனிதர் ஒரு வெள்ளைக் குடியேறியைச் சுட்டுக் காயப்படுத்தினார். வான்கூவர் தீவின் கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸ் ட்ரிங்கோமாலியில் ஏறி, 400-க்கும் மேற்பட்ட ஆயுதம் தாங்கிய ஆட்களோடு அங்கே இறங்கினார். தத்லாசூட்டைப் பிடித்து, அங்கேயே விசாரித்து, அவருடைய மக்களின் கண்முன்னே தூக்கிலிட்டார்கள். சுடப்பட்டவர் சாகவில்லை, சுட்டவருக்கு மரணம். ஆங்கிலச் சட்டம் அந்த ஊருக்கு வந்த விதம் அது. கரைக்கு அப்பால் கப்பல் நின்றதே போதும், எதிர்ப்பவர்கள் அடங்கிப்போவார்கள் என்பது கணக்கு. "இந்தக் கப்பல் யாரையும் கொல்லவில்லை, போரே பார்க்கவில்லை" என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். கவிச்சனைச் சேர்க்காமல் அப்படி எழுதுவது சரியில்லை.

ஏன் 1857உடன் கடல் வேலை முடிந்தது?

நீராவி வந்துவிட்டது. 1853இல் சினோப் துறைமுகத்தில் ரஷ்யர்கள் வெடிகுண்டு வீசும் பீரங்கிகளால் துருக்கியின் மரக் கப்பல்களைக் கொளுத்தித் தள்ளினார்கள். மரச் சுவருக்கு இனி மதிப்பில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. 1860இல் இங்கிலாந்து வாரியர் என்ற போர்க்கப்பலை இரும்பில் கட்டி இறக்கியது.

ஆனாலும் உடைக்கவில்லையே?

அங்கேதான் மறுபடி வேலை மாற்றம். கடற்படைக்குச் சேமப் படை ஒன்று அமைத்தார்கள். அதில் சேரும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்குப் பீரங்கிப் பயிற்சி தரக் கப்பல்கள் வேண்டியிருந்தன. ட்ரிங்கோமாலி 1860களின் தொடக்கத்தில் சண்டர்லாந்துக்கும் பிறகு ஹார்ட்டில்பூலுக்கும் போனது. 1877 வாக்கில் சவுத்தாம்ப்டன். 1895 வரை அந்த வேலை. 1897 மே மாதம் பழைய மரத்துக்காக விற்றுவிட்டார்கள்.

அதே சமயத்தில் வேறொரு விபத்து. நெல்சன் ஏறியிருந்த ஃபூட்ராயான் என்ற பழைய கப்பலைக் கடற்படை விற்றுவிட, அது ஜெர்மனியில் உடைக்கப் போக இருந்தது. ஜெஃப்ரி வீட்லி காப் என்ற செல்வந்தர் சொந்தப் பணத்தில் அதை மீட்டு, பையன்களுக்குப் பயிற்சி தரும் கப்பலாக வைத்திருந்தார். 1897 ஜூனில் புயலில் அது பிளாக்பூல் கடற்கரையில் மோதி உடைந்தது. அதற்குப் பதிலாகக் காப் வாங்கியதுதான் ட்ரிங்கோமாலி. இழந்த கப்பலின் நினைவாக அதற்கும் ஃபூட்ராயான் என்றே பெயர் வைத்தார்.

அப்படி ஒரு மனிதர், ஒரு விபத்து, ஒரு பழைய கப்பல் மூன்றும் ஒரே கோடையில் சந்திக்காவிட்டால், இன்று பார்க்க ஒன்றும் இருக்காது. திருகோணமலையின் பெயர் மட்டும் 95 ஆண்டுகளுக்கு மறைந்துபோயிற்று.

இருபதாம் நூற்றாண்டில்?

ஃபால்மவுத்தில் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 1931இல் காப் இறந்தபின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே அதற்குத் துணையாக நின்றது இம்ப்ளேக்கபிள். அது 1805இல் நெல்சன் வென்ற டிரஃபால்கர் போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று தப்பித்து, சில நாளில் பிடிபட்ட கப்பல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இம்ப்ளேக்கபிளைப் பழுதுபார்க்கப் பணம் இல்லை என்று, 1949 டிசம்பர் 2 அன்று பிரிட்டிஷ் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் பறக்க, வெடிவைத்துக் கடலில் மூழ்கடித்தார்கள். அந்தச் செயலை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. மீதி இருந்த பழைய கப்பல்களைக் காப்பாற்றவேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் அழுத்தமாக வந்தது அதன் பிறகுதான்.

ட்ரிங்கோமாலியில் 1986 வரை இளைஞர்கள் தங்கிப் படகோட்டக் கற்றார்கள்.

யார் புதுப்பித்தார்கள்?

ஹார்ட்டில்பூல் தொழிலாளர்கள். 1987இல் கப்பலைப் பெரிய மிதவையில் ஏற்றி அங்கே கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் கப்பல் கட்டிப் பிழைத்த ஊர் அது. கடைசிக் கட்டும் தளம் 1960களில் மூடப்பட்டு, வேலையில்லாத ஊராகிக் கிடந்தது. கையில் தொழில் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். 1990இல் வேலை தொடங்கி 2001 வரை நடந்தது. ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் செலவு. 1992இல் பழைய பெயர் திரும்ப வந்தது. பாய்மரங்கள் புதிது, பீரங்கிகள் நகல். உடல் மட்டும் பாதிக்கு மேல் 1817இன் தேக்கு. இந்த வயதுக் கப்பலில் அந்த அளவு பழைய மரம் மிஞ்சியிருப்பது பெரிய விஷயம்.

விக்டரிதானே பழைய கப்பல்?

விக்டரி 1765இல் தண்ணீரில் இறங்கியது, மூத்தது. ஆனால் 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் தரைமேல் நிற்கிறது. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது ட்ரிங்கோமாலி. இதே லீடா வகையில் 1824இல் இறங்கிய யூனிகார்ன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மிதக்கிறது. அதற்குப் பாய்மரமே ஏற்றவில்லை, கட்டியதும் கொட்டகை போட்டுவிட்டார்கள்.

இதை இந்தியக் கப்பல் என்று சொல்லலாமா?

சேவை பிரிட்டிஷாருக்கு. கொடியும் ஆணையும் அவர்களுடையது, வடிவம் பிரெஞ்சு. மரமும் கையும் நம்முடையது. "பிரிட்டிஷ் கப்பல், பம்பாயில் கட்டப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது எனக்கு உவப்பாக இல்லை. வாடியாவின் பெயராவது புத்தகங்களில் வருகிறது. கோடாலி பிடித்தவர்கள், ரம்பம் இழுத்தவர்கள், பலகைக்கு நடுவே பஞ்சு அடைத்தவர்கள் பெயர் வருவதில்லை. இரு நூற்றாண்டாக அந்தக் கப்பலை மிதக்க வைத்திருப்பது அவர்கள் செய்த வேலை.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ஹார்ட்டில்பூலில் பிரிட்டிஷ் கடற்படை தேசிய அருங்காட்சியகத்தின் கிளையில் இருக்கிறது. நியூகாசிலிலிருந்து ரயில் உண்டு. எல்லாத் தளங்களிலும் இறங்கிப் பார்க்கலாம். கீழ்த்தளங்களில் உயரம் குறைவு, குனிந்தே நடக்கவேண்டும். படிகள் செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திறந்திருக்கும் நாட்களும் கட்டணமும் மாறும், புறப்படும் முன் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் கப்பல் பிறந்த இடம் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் பொதுமக்கள் நினைத்த நேரத்தில் போகமுடியாது. நிலம்பூருக்குப் போகமுடியும். கோனோலி தோட்டத்தில் இன்னும் அந்தக் காலத்து மரங்கள் சில நிற்கின்றன. ஹார்ட்டில்பூல் போக வழியில்லாதவர்கள் அங்கேயாவது போய்வாருங்கள்.